ரெண்டரை அக்கா கேட்காமல் விட்ட கேள்வி

2.5. சதுர மில்லிமீட்டர் கணக்கில் இது ஒரு செப்புக் கம்பியின் பருமன். மின்சாமான் கடைகள் வரிசையாக நிற்கும் அந்தத் தெருவில் இது ஒரு பெண்ணின் பெயரும்கூட. ‘ரெண்டரை அக்கா எங்க?’ என்று கேட்டால், டீ கொண்டு போகிறவர் முதல் லாரியில் சரக்கு இறக்குகிறவர் வரை எல்லோரும் ஒரே கடையைத்தான் காட்டுவார்கள். உள்ளே நீள மேசைக்குப் பின்னால், அளவு நாடாவைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு, கையில் வெட்டுக் குறடோடு நிற்கிறவர்தான் அவர். வயது நாற்பத்தேழு. குரல் சன்னம். ஆனால் கடையில் எத்தனை பேர் நின்றாலும் அந்தக் குரல்தான் முதலில் காதில் விழும், ஏனென்றால் அது எப்போதும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்.

“என்ன ஓடப் போகுது?”

“எவ்வளவு தூரம்?”

“வெயில் மழை படுமா, சுவருக்குள்ள போகுதா?”

இந்த மூன்றுக்கும் பதில் வராமல் அவர் கம்பியை வெட்ட மாட்டார். ஒயர் என்பது எண்ணெய், சோப்பு மாதிரி கேட்டதைக் கொடுத்து அனுப்பும் சாமான் இல்லை என்பது அவருடைய கட்சி. முதலாளிக்கு இதில் பாதி பெருமை, பாதி எரிச்சல்.

“வர்றவங்ககிட்ட ஜாதகம் கேக்காத. கேட்டத வெட்டிக் குடு,” என்பார் கூட்டம் சேர்ந்துவிட்டால்.

“பொருத்தம் பாக்காம குடுத்தா ஒயர்தான் மொதல்ல எரியும், முதலாளி.”

“ஒயர் எரியுதோ இல்லையோ, என் வயிறு எரியுது. அங்க பாரு, எத்தன பேர் நிக்கறாங்க!”

பில் எழுதத்தான் ரெண்டரை அக்கா இந்தக் கடையில் சேர்ந்தார். அப்போது ஒயர் வெட்டிக்கொண்டிருந்தவர் யார் எது கேட்டாலும் மறுபேச்சு இல்லாமல் வெட்டிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியவர். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் வந்து மேசைமேல் ஒரு பிளக் சாக்கெட்டை வைத்தார். பிளாஸ்டிக் உருகி, அதில் மாட்டியிருந்த ஒயரின் தோல் கருகிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் சூடாக்கும் ஹீட்டருக்கு, விளக்குக்குப் போடுகிற மெல்லிய ஒயரை இழுத்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குளியலறையில் புகை வந்ததோடு சரி. ‘நீங்க கேட்டதத்தானே குடுத்தோம்’ என்றார் வெட்டுகிறவர். ‘எனக்கு என்னங்க தெரியும், நீங்கதானே கடைக்காரர்’ என்றார் வந்தவர். பில் மேசையில் இருந்த பெண்ணுக்கு இரண்டாவது பேச்சில்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. வெட்டுகிறவர் வேறு கடைக்குப் போனதும் குறடைத் தானே எடுத்துக்கொண்டார். முதல் நாளிலிருந்து கேள்விதான்.

‘ரெண்டரை’ என்ற பட்டம் வந்ததும் அதனால்தான். புது வீட்டுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ‘ஒண்ணரை குடுங்க’ என்று வருவார்கள். விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஒன்றரை தாராளம்; அதற்குமேல் வாங்குவது வெறும் பெருமைக்கு என்று அவரே சொல்லிவிடுவார். ஆனால் சமையலறையில் மிக்ஸியும் அடுப்பும் மாட்டுகிற பிளக்குக்கு ரெண்டரை. ஹீட்டருக்கு நாலு. நாளெல்லாம் ‘ரெண்டரை எடுங்க, ரெண்டரை எடுங்க’ என்று அவர் சொல்லுவது வாசல்வரை கேட்கும். தெரு அதையே பெயராக வைத்துவிட்டது.

வீட்டிலும் கேள்விகள் ஓய்வதில்லை. கணவர் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு “இதோ வரேன்” என்றால், உள்ளிருந்து “எவ்வளவு தூரம்?” என்று வரும்.

“ஒயரா இழுக்கப் போறேன்? நடந்து போய்ட்டு வரேன், விடு!”

*

கடையில் அதிகக் குழப்பம் உண்டாக்குகிற சொல் ‘லோ வோல்டேஜ்’. வீட்டில் மாலை நேரத்தில் விளக்கு மங்கி, ஃபேன் சோம்பலாகச் சுற்றினால் மக்கள் சொல்லுவது ‘லோ வோல்டேஜ்’. பேட்டரியிலோ அடாப்டரிலோ ஓடுகிற பன்னிரண்டு வோல்ட் விளக்குகளுக்கும் அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பது அதே ‘லோ வோல்டேஜ்’. ‘லோ வோல்டேஜ் ஒயர் இருக்கா?’ என்று ஒருவர் வந்தால், ரெண்டரை அக்கா முதலில் கேட்பது:

“வோல்டேஜ் தானா எறங்கிச்சா, நீங்க எறக்கினீங்களா?”

அண்மையில் அப்படி ஒரு தையல்காரர் வந்தார். தானாக இறங்கியது இல்லை, அவர் இறக்கியதுதான். கடையின் அலமாரித் தட்டுகளுக்குப் பன்னிரண்டு வோல்ட் பட்டை விளக்கு ஒட்டப் போகிறார். கையில் மாதிரிக்கு நூல் போல ஒரு துண்டு.

“இதுவே போதும்லக்கா? பன்னெண்டு வோல்ட்தானே. சின்ன கரண்டுக்குச் சின்ன ஒயர்.”

“வோல்ட்தான்ணே சின்னது. கரண்ட் பெருசு.”

“அதெப்படி?”

‘எங்க அப்பா பஸ் டிரைவர்’ என்று ரெண்டரை அக்கா தொடங்கினால், வழக்கமாக வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுப்பார்கள். இந்தப் பாடம் அவர்களுக்கு மனப்பாடம்.

“ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்கு ஒரு கூட்டம் போகணும்னு வைங்க. பெரிய பஸ்ஸா இருந்தா ஒரே வண்டியில அடைச்சு ஏத்திடலாம். அதான் வீட்டு கரண்ட். பன்னெண்டு வோல்ட்ங்கறது ஸ்கூட்டர். ஒரு வண்டியில ரெண்டு பேருக்கு மேல ஏற முடியாது. அதே கூட்டம் போய்ச் சேரணும்னா எத்தன ஸ்கூட்டர் வேணும்? அத்தனையும் ஒரே நேரத்துல போக ரோடு எவ்வளவு அகலமா வேணும்? ரோடு குறுகலா இருந்தா பாதிப் பேரு வழியிலயே களைச்சுப் போயிடுவாங்க. உங்க கடைசித் தட்டுல வெளக்கு அழுது வடியும்.”

தையல்காரர் கையிலிருந்த நூல் ஒயரைப் பார்த்தார். “அப்ப ரோடு நீளம் கூடினா?”

“அதத்தாண்ணே நான் கேக்கறேன். எவ்வளவு தூரம்?”

அடாப்டரிலிருந்து அலமாரி பத்தடிதான். ஒன்று அளவு ஒயரில் வேலை முடிந்துவிட்டது. “ரெண்டரைன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்,” என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“கேட்டாத்தானே தெரியும். தூரம் கம்மி, அதனால ஒண்ணு.”

*

அவருடைய அப்பாவின் கதைக்கு இப்போது வரலாம்.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் நகரத்தின் மறுகோடியில் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். தனியாக என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், புறாக்கள் இருக்கின்றன. வீட்டின் பின்கதவைத் திறந்தால் மூன்று படி, அப்புறம் செங்கல் பதித்த முற்றம், முற்றத்தின் கோடியில் புறாக்கூண்டு. இருட்டுகிற நேரத்தில் போய், எல்லாம் திரும்பிவிட்டனவா என்று பார்த்து, பூனை நுழையாமல் கூண்டுக் கதவைத் தாழ் போட வேண்டும். அதைச் செய்யப் போன ஒரு மழை நாளில்தான் படியில் வழுக்கி விழுந்தார். எலும்புக்குச் சேதமில்லை. முழங்கால் வீங்கி, பல நாள் தாங்கித் தாங்கி நடந்தார்.

ரெண்டரை அக்காவுக்கு ஒரு தம்பி. குழாய் வேலை செய்கிறவர். மூன்றாம் மாடி வீடு. புறாக்கூண்டைவிடச் சின்ன பால்கனி. புறாவுக்கு அங்கே அனுமதி இல்லை. அப்பா விழுந்த அன்று வந்து பார்த்தவர், முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே முடிவைச் சொல்லிவிட்டார்.

“போதும்ப்பா. என்கூட வந்துடுங்க.”

“வெளக்கு இல்லாமத்தான் விழுந்தேன். வெளக்கு போட்டுட்டா?”

“போடுங்க. ஞாயித்துக்கிழமை இருட்டற நேரத்துக்கு வருவேன். பின்கதவுலேர்ந்து கூண்டு வரைக்கும் நானே நடந்து பாப்பேன். கால் வெக்கற எடம் எனக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சா இங்கயே இருங்க. தெரியலன்னா மூட்டை கட்டணும். மறுபேச்சு கூடாது.”

“சரி.”

“சத்தியமா?”

“நான் என்ன டிக்கெட் இல்லாமப் போற பிரயாணியா? சொன்னா சொன்னதுதான்.”

பக்கத்துத் தெருவில் ஒருவர் புறாக்களை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அதுவும் பேசியாகிவிட்டது.

மறுநாள் கடையில் நல்ல கூட்ட நேரம். ரெண்டரை அக்கா கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒருவருக்குக் கம்பியை அளந்துகொண்டே அப்பாவிடம் பேசினார்.

“வீட்டு கரண்ட்ட வெளிய இழுக்காதீங்கப்பா. முற்றம் ஈரம், நீங்க வெறுங்கால்ல நடப்பீங்க. பன்னெண்டு வோல்ட் போடுங்க, தொட்டாலும் பயமில்ல. ஒரு பேட்டரி, ஒரு சார்ஜர், நாலு சின்ன வெளக்கு.”

“அது எனக்கும் தெரியும். பஸ்ஸுல பேட்டரி பாக்காதவனா? ஒயர் என்னன்னு மட்டும் சொல்லு.”

“ரெண்டரை.”

“என்னது?”

“ரெண்டரைப்பா, ரெண்டரை! செவப்பு, கறுப்பு, ரெண்டு நெறம். பேட்டரிய ஒட்டியே ஃப்யூஸ் போடுங்க, மறந்துடாதீங்க. நான் வெட்டி எடுத்துட்டு வரவா?”

“வேணாம், வேணாம். இங்கயே கடை இருக்கு. என் வீட்டு வெளக்க நானே போட்டுக்கறேன்.”

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, எதிரில் நின்ற ஆளிடம் “எவ்வளவு தூரம்?” என்று கேட்டார். அப்பாவிடம் கேட்கவில்லை. பிறந்து வளர்ந்த வீடு. பின்கதவுக்கும் கூண்டுக்கும் உள்ள தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார்.

*

வாரக் கடைசியில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரு நமுட்டுத்தனம்.

“உன் வைத்தியம் பலிக்கல, டாக்டரம்மா.”

“என்ன ஆச்சு?”

“மொதல் வெளக்கு சுமாரா எரியுது. ரெண்டாவது அத விட சோகம். கூண்டுகிட்ட இருக்கறது மின்மினிப்பூச்சி. புறா அதப் பாத்துட்டு என்னப் பாக்குது.”

ரெண்டரை அக்கா பேட்டரியைச் சந்தேகப்பட்டார். அப்பா சார்ஜரில் பச்சை விளக்கு எரிவதாகச் சொன்னார். இணைப்புகளைச் சந்தேகப்பட்டார். அப்பா ஒவ்வொன்றையும் பிரித்து, கம்பியைச் சுரண்டி, இறுக்கி முறுக்கித் திரும்பவும் டேப் சுற்றினார். அதே மின்மினி. கடைசியில் மகள் சொன்னார்: “கூண்டுகிட்ட இருக்கற வெளக்கக் கழட்டி, பேட்டரிகிட்டயே கொண்டுவந்து மாட்டிப் பாருங்க.”

மாட்டினார். பளிச்சென்று எரிந்தது.

“வெளக்கு நல்லா இருக்கு. பேட்டரியும் நல்லா இருக்கு. அப்ப ஒயர்தான்,” என்றார் மகள்.

“ஒயர் நீ சொன்னது.”

அப்போதுதான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அப்பா, பேட்டரி எங்க இருக்கு? எவ்வளவு தூரம்?”

பேட்டரி பின்கதவுப் பக்கம் இல்லை. முன்னறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒயர் ஜன்னல் வழியாக வெளியே வந்து, வீட்டின் பக்கச் சுவரை ஒட்டியே போய், சமையலறையைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, கூண்டுக்குப் போகிறது. ரெண்டரை அக்கா மனதில் வைத்திருந்த தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கடையில் வருகிற யார் இதைச் சொன்னாலும் ‘பாத்தீங்களா, கேட்டது நல்லதாப் போச்சு’ என்று நாலு பேர் காதுபடச் சொல்லியிருப்பார். இப்போது யார் காதிலும் விழாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஆனாலும் மனக்கணக்கு ஒத்து வரவில்லை. அவ்வளவு தூரம் போனாலும் ரெண்டரையில் நாலு சின்ன விளக்கு இப்படி மங்காது. கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆக ஒரே ஒரு வழிதான் மிச்சம்: போலி ஒயர். மேலே ரெண்டரை என்று அச்சடித்து, தோலைத் தடியாக்கி, உள்ளே கம்பியைக் குறைத்து விற்கிறவர்கள் உண்டு. அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசி விற்கிறவர்களும் உண்டு. வயதானவர் என்று தெரிந்து தலையில் கட்டியிருக்கிறார்கள்.

“நான் ஞாயித்துக்கிழமை காலையில வரேன். அந்தக் கடைக்காரர நாக்கப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்.”

“உனக்குக் கேள்வி கேக்கச் சொல்லித் தரணுமா?” என்றார் அப்பா.

*

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார். கைப்பையில் குறடு, டேப், கம்பியின் பருமனை அளக்கிற சின்னக் கருவி. சண்டைக்கு வேண்டிய ஆயுதம் அது. வந்தவர் அப்பாவைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நேராகப் பக்கச் சுவருக்குப் போய் ஒயரை விரலில் எடுத்தார். கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

சிவப்பும் கறுப்பும் ஒட்டிப் பிறந்த மெல்லிய இரட்டை ஒயர். அழைப்பு மணிக்கும் ஒலிபெருக்கிக்கும் போடுகிற சாமான். தோலில் அச்சு மிக நேர்மையாக இருந்தது: இரண்டு கோர், அதாவது இரண்டு கம்பி, ஒவ்வொன்றும் 0.5.

“அப்பா. இது அரை.”

“ஆமா. நீ சொன்னதுதானே.”

“நான் ரெண்டரைன்னு சொன்னேன்.”

“அதத்தான் நானும் சொல்றேன். ரெண்டு. அரை.”

ரெண்டரை அக்கா ஒயரை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

அப்பா விளக்கினார். கடைக்குப் போய் ‘ரெண்டு, அரை, செவப்பு கறுப்பு’ என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் பொறுப்பான மனிதர்தான். ‘ரெண்டு கோர் அரை எம்எம்மா பெரியவரே?’ என்று தெளிவாகக் கேட்டிருக்கிறார். அதேதான் என்றிருக்கிறார் இவர். எதற்கு என்றும் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வோல்ட் விளக்குக்கு என்றதும் ‘அப்ப இது தாராளம்’ என்று வெட்டிக் கொடுத்துவிட்டார்.

“எவ்வளவு தூரம்னு கேக்கலையா?”

“அவர் என்ன நீயா?” என்றார் அப்பா. “சரி, நீ கேட்டியா?”

‘ரெண்டு. அரை’ என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக நாளெல்லாம் சொல்லிவந்த சொல். தெரு முழுக்க அவரைக் கூப்பிடுகிற பெயர். அதைப் பிரித்தால் இன்னொரு சொல் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது. முதலில் மெல்லச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். எதற்கென்று புரியாமல் அப்பாவும் கூடச் சேர்ந்துகொண்டார்.

சிரித்து முடித்ததும் நிலைமை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கடை பூட்டிக் கிடந்தது. மற்ற கடைகளும் அப்படியே. தன் கடையின் சாவி முதலாளியிடம், முதலாளி வெளியூரில். இருட்டுவதற்குள் தம்பி வந்துவிடுவார்.

“அப்ப மூட்டை கட்டிடலாமா?” என்றார் அப்பா. விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்கும்போது மகளைப் பார்க்காமல் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெண்டரை அக்கா எழுந்து வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒயரின் பருமனை மாற்ற வழியில்லை. மாற்றக்கூடியது வேறு என்ன?

“பேட்டரிய ஏம்ப்பா முன்னறையில வெச்சீங்க?”

“படுத்துக்கிட்டே பச்சை லைட்டப் பாக்கறதுக்கு.”

“பச்சை லைட்டு எரியுதான்னு பாக்க, மத்த லைட்ட எல்லாம் பட்டினி போட்டுருக்கீங்க.”

“வண்டி ஓட்டறவன் மீட்டரப் பாக்காம இருப்பானா?”

“இனிமே சமையக்கட்டுல போய்ப் பாருங்க.”

பின்கதவை ஒட்டிச் சமையலறை ஜன்னல். அதன் அருகில் காற்றோட்டமான ஒரு கல்தட்டு. பக்கத்திலேயே சார்ஜருக்குப் பிளக். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து பேட்டரியைத் தூக்கி வந்தார்கள். முழங்கால் என்று மகள் சொல்லுவதற்குள் ‘வாய மூடிட்டுத் தூக்கு’ என்றார் அப்பா. பக்கச் சுவரில் அடித்திருந்த ஒயரை முழுக்க உருவிச் சுருட்டினார் மகள். தூரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மிச்சமான ஒயர், புதிய பாதைக்கு இன்னொரு முறை போகிற அளவுக்குக் கையில் இருந்தது.

அதைத்தான் அவர் செய்தார். இரட்டை ஒயரில் சிவப்பையும் கறுப்பையும் இரண்டு முனையிலும் சேர்த்து முறுக்கி ஒன்றாக்கி, சிவப்பு டேப் சுற்றினார். அது முழுக்க ப்ளஸ். அதே மாதிரி இரண்டாவது ஒயரைச் சேர்த்து முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினார். அது முழுக்க மைனஸ்.

“என்னம்மா பண்ற?”

“நீங்க சொன்னதத்தான். ரெண்டு அரை. சேத்தா ஒண்ணு. ரோட்ட அகலப்படுத்த முடியல, பக்கத்துலயே இன்னொரு ரோடு போடறேன்.”

“ரெட்டை வழிச் சாலை!” அப்பாவுக்கு இது பிடித்துப்போனது. டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். “ஃப்யூஸ் இருக்கு, பாத்துக்கோ. நீ சொன்னபடி பேட்டரிய ஒட்டியே வெச்சிருக்கேன். அதையாவது சரியாக் கேட்டேன்ல?”

“அத ஒண்ணையாவது கேட்டீங்களே, பெரிய மனுஷா.”

கடைசி இணைப்பில் டேப் சுற்றிக்கொண்டிருந்தபோது தம்பி வந்துவிட்டார். அக்கா முற்றத்தில் மண்டியிட்டு, கழுத்தில் ஒயரோடு இருந்ததைப் பார்த்தார்.

“என்னக்கா, கடைய இங்கயே மாத்திட்டியா?”

அப்பா மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். ஆனால் மகள் சொல்லிவிட்டார். ரெண்டரையில் தொடங்கி மின்மினி வரைக்கும், தான் தூரம் கேட்காமல் விட்டதையும் சேர்த்து.

“ஏம்மா, இவன்கிட்ட ஏன் எல்லாத்தயும் ஒப்பிக்கற?” என்று அப்பா முணுமுணுத்தார்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். “அரை இஞ்சு குழாயில மொட்டைமாடித் தொட்டிய நெரப்பப் பாத்தீங்களா ரெண்டு பேரும்? ஏங்க்கா, உன் பேரையே உன்னால ஒழுங்கா சொல்ல முடியலையா?”

“சிரிக்காதடா. இது இப்போதைக்குத்தான். சரியான ஒயர் போடற வரைக்கும்.”

“அது எனக்கு வேணாம். வெளக்க எரிய விடு. நான் நடக்கறேன்.”

*

வானத்தில் வெளிச்சம் வடிந்து, சுவர்களின் நிறம் மறைகிற வரைக்கும் மூவரும் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்பா டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாரே தவிர குடிக்கவில்லை. பிறகு சமையலறைச் சுவிட்சைத் தட்டினார்.

நான்கும் எரிந்தன. முதல் விளக்குக்கும் கூண்டருகே இருந்ததற்கும் ஒரு நூலளவு வித்தியாசம் இருந்தது. ரெண்டரை அக்காவின் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பா நடக்கிற மாதிரியே வெறுங்காலோடு இறங்கினார். முதல் படி. இரண்டாம் படி. மூன்றாம் படியில் கால் லேசாகப் புரள, சுவரைப் பிடித்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். செங்கல்களின் மேல் நடந்து கூண்டுவரை போய், தாழைப் போட்டுப் பார்த்து, எடுத்துப் பார்த்து, திரும்பி வந்தார். உள்ளே புறாக்கள் சிணுங்கின.

“வெளக்கு பாஸ்,” என்றார். “செங்கல் இடுக்குல எறும்பு போறது வரைக்கும் தெரியுது. படி ஃபெயில்.”

அப்பாவின் முகம் இறங்கியது. “படியப் பத்திப் பேச்சே இல்லையே.”

“மூணாவது படி ஓரம் ஒடைஞ்சிருக்கு. அதுல எனக்கே கால் பெறளுது. வெளக்கு வந்ததால இப்பத்தான் அது என் கண்ணுக்கே தெரியுது.”

“ஏன்டா, பேச்சுன்னா பேச்சுதான். கால் வெக்கற எடம் தெரிஞ்சா இங்கயே இருங்கன்னு சொன்ன. தெரியுதா, தெரியலையா?”

“தெரியுது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? இருங்க. படி ஒடைஞ்சதுக்கு யாராவது வீட்ட மாத்துவாங்களா? சிமெண்ட் பூசி, ஓரமா ஒரு கைப்பிடி போட்டுத் தரேன். புள்ள குழாய்க்காரனா இருக்கும்போது பிடிச்சுக்க ஒரு குழாய் இல்லாம நீங்க விழுந்தா ஊரு என்னப் பாத்துத்தான் சிரிக்கும்.”

அப்பா டம்ளரிலிருந்த ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு முற்றத்தில் இறங்கி, சுவரைப் பிடிக்காமல், கூண்டுக்கு நடந்தார். ஏற்கெனவே போட்டிருந்த தாழைத் திறந்து, திரும்பவும் போட்டார்.

“கைப்பிடி போடறதுன்னா,” என்று தொடங்கினார் ரெண்டரை அக்கா.

“எவ்வளவு தூரம்னுதானே கேக்கப் போற?” என்றார் தம்பி.

*

கடையில் இந்தக் கதையை அவரேதான் சொன்னார். மறைத்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. முதலாளி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, “இனிமே உன்ன ரெண்டு அரைன்னு கூப்பிடலாமா?” என்று கேட்டார். தெரு ஒத்துக்கொள்ளவில்லை, பழைய பெயரே நிற்கிறது. மாறியது ஒன்றுதான். போனில் யாருக்காவது ஒயர் சொல்லுவதென்றால் இப்போது அவர் “ரெண்டு புள்ளி அஞ்சு” என்கிறார். சொல்லிவிட்டு, கேட்டவரை ஒருமுறை திருப்பிச் சொல்ல வைக்கிறார். கூட்ட நேரமாக இருந்தாலும் விடுவதில்லை.

வருகிற சனிக்கிழமை அவர் அரைநாள் விடுப்பு எடுக்கிறார். ரெண்டரையில் சிவப்பு ஒரு சுருள், கறுப்பு ஒரு சுருள் வெட்டி, பெயர் எழுதித் தனியாக எடுத்து வைத்தாகிவிட்டது. வெயில் படாமல் ஒயர் போவதற்கான பிளாஸ்டிக் குழாய், கைப்பிடிக்கான இரும்புக் குழாய், ஒரு பை சிமெண்ட், இவற்றோடு தம்பியும் அன்று காலை அப்பா வீட்டுக்கு வருகிறார்.